உடல் எவ்வளவு தாங்கும்?

பேருந்தில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே பயணம் செய்த அனுபவம் உங்களுக்கு நிச்சயம் இருக்கும். சாலையின் குறுக்கே ஓர் ஆடு ஓடி வருகிறது. ஓட்டுநர் சட்டென்று பிரேக்கை மிதிக்கிறார். வண்டி நின்றுவிடுகிறது, ஆனால் நீங்கள் நிற்பதில்லை! மேலே உள்ள கம்பியைப் பிடித்திருந்தால் தப்பினீர்கள். இல்லையேல் முன்னால் நிற்பவரின் முதுகில் போய் விழுவீர்கள்.

இதற்குக் காரணம் என்ன என்பதை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பொருள், வேறொரு விசை தடுக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்க விரும்புகிறது. இதை நிலைமம் என்கிறோம். வண்டியைப் பிரேக் நிறுத்தியது. உங்களை நிறுத்த எதுவும் இல்லை. ஆகவே நீங்கள் பழைய வேகத்திலேயே முன்னோக்கிச் சென்றீர்கள்.

பேருந்துக்குப் பதிலாக, மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். அது ஒன்றரை வினாடிக்குள் நின்றுவிடுகிறது. அதில் உட்கார்ந்திருக்கும் மனிதனின் கதி என்ன? எலும்புகள் நொறுங்குமா? இதயம் கிழியுமா? கண்கள் தெறித்து விழுமா?

இந்தக் கேள்விக்கு ஏட்டில் விடை இல்லாத ஒரு காலம் இருந்தது. அப்போது ஒரு டாக்டர், தாமே அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து விடையைக் கண்டுபிடித்தார். அவர்தாம் அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த கர்னல் ஜான் பால் ஸ்டாப். அவர் கண்ட விடை விமானிகளை மட்டும் காப்பாற்றவில்லை. இன்று காரில் ஏறும் உங்களையும் என்னையும் சேர்த்தே காப்பாற்றுகிறது. எப்படி என்று பார்ப்போம்.

வேகம் கொல்வதில்லை!

முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேகம் தானாக யாரையும் கொல்வதில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள், பூமியோடு சேர்ந்து சூரியனைச் சுற்றி வினாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு ஏதாவது தெரிகிறதா? ஒன்றும் இல்லை. வேகம் மாறாமல் இருக்கும்வரை உடலுக்குத் தொல்லை இல்லை. வேகம் மாறும்போதுதான் ஆபத்து. அதிலும் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதே முக்கியம்.

இந்த மாற்றத்தை அளக்க விமான மருத்துவர்கள் 'ஜி' என்னும் அளவைப் பயன்படுத்துகிறார்கள். மரத்திலிருந்து விழும் மாம்பழத்தின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 9.8 மீட்டர் வீதம் கூடுகிறது அல்லவா? அந்த முடுக்கமே 1 ஜி. வேகம் இதைப்போல் பத்து மடங்கு விரைவாகக் கூடினாலோ குறைந்தாலோ அது 10 ஜி. அப்போது 50 கிலோ எடையுள்ள ஒருவரை அரை டன் விசை அழுத்தும். அவருடைய உடலுக்குள் இருக்கும் இதயம், ஈரல், மூளை, ஏன், ஓடும் இரத்தம்கூடப் பத்து மடங்கு கனத்துவிட்டதுபோல் நடந்துகொள்ளும்.

இந்த விசை எந்தத் திசையில் தாக்குகிறது என்பதும் முக்கியம். விமானம் குட்டிக்கரணம் போடும்போது விசை தலையிலிருந்து கால் நோக்கித் தாக்குகிறது. இரத்தம் காலுக்கு இறங்கிவிடுகிறது; மூளைக்குக் கிடைப்பதில்லை. இந்நிலையில் சுமார் 5 ஜியிலேயே பயிற்சி இல்லாதவருக்குக் கண் இருண்டுவிடும். ஆனால் விபத்தின்போது விசை மார்பின் குறுக்கே தாக்குகிறது. அதை உடல் எவ்வளவு தாங்கும்?

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதற்கு ஒரு விடை வழக்கில் இருந்தது. 18 ஜி! அதற்கு மேல் மனிதன் பிழைக்க மாட்டான் என்று நம்பினார்கள். விமான இருக்கைகளும் அவற்றின் பட்டைகளும் இந்தக் கணக்கை வைத்தே கட்டப்பட்டன. அதற்கு மேல் உறுதியாகக் கட்டி என்ன பயன்? இறந்துபோன மனிதனைத்தானே அந்த இருக்கை பிடித்துக்கொண்டிருக்கும்!

ஆனால் விபத்துகள் வேறு கதை சொல்லின. கணக்குப்படி இறந்திருக்க வேண்டிய விமானிகள் சிலர், நொறுங்கிய விமானத்திலிருந்து எழுந்து வந்தார்கள். பிழைத்திருக்க வேண்டிய சிலரோ, இருக்கை பிய்த்துக்கொண்டு போனதால் இறந்தார்கள். அப்படியானால் 18 ஜி என்பது மனித உடலின் எல்லையா? அல்லது மனிதன் செய்த இருக்கையின் எல்லையா?

ஒரு குழந்தையின் மரணம்

ஸ்டாப் 1910-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் நாள் பிரேசில் நாட்டில் பாகியா என்னும் இடத்தில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்காவிலிருந்து அங்குச் சென்ற கிறித்துவ சமயப் பணியாளர்கள். இளமையில் வீட்டிலேயே பாடம் படித்த ஸ்டாப், பின்னர் டெக்சாஸ் மாநிலத்துக்கு வந்து பள்ளியிலும் பேய்லர் பல்கலைக்கழகத்திலும் பயின்றார்.

1928-இல் விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தத் துயரம் நிகழ்ந்தது. வீட்டிலிருந்த கைக்குழந்தை, குளிர் காய மூட்டியிருந்த தீயை நோக்கித் தவழ்ந்து சென்றுவிட்டது. உடல் முழுவதும் தீப்புண். மாணவரான ஸ்டாப், மூன்று நாட்கள் கண் விழித்து அந்தக் குழந்தைக்குப் பணிவிடை செய்தார். குழந்தை பிழைக்கவில்லை. அந்த மூன்று நாட்களின் முடிவில், தாம் டாக்டர் ஆவது என்று அவர் உறுதி செய்துகொண்டார்.

உறுதி எளிது, பணம் எங்கே? அமெரிக்காவில் வேலை கிடைக்காமல் மக்கள் தவித்த காலம் அது. ஸ்டாப் விலங்கியலில் பட்டம் பெற்றார். சிறிது காலம் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1940-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உயிர் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்றார். அதற்குப் பிறகும் தம் முதல் ஆசையை அவர் கைவிடவில்லை. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1944-இல் மருத்துவராக வெளியே வந்தார். குழந்தை இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

போர் நடந்துகொண்டிருந்ததால் அதே ஆண்டு இராணுவத்தில் சேர்ந்தார். விமான மருத்துவப் பயிற்சி பெற்றார். இயற்பியலும் மருத்துவமும் ஒரே மனிதரிடம் சேர்ந்தது பிற்காலத்தில் எவ்வளவு பயன்பட்டது என்பதை நீங்களே காண்பீர்கள்.

சோடா பாட்டிலும் விமானியும்

1946-இல் ஓஹையோ மாநிலத்தில் ரைட் விமானத் தளத்தின் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் ஸ்டாப்புக்கு வேலை கிடைத்தது. முதலில் அவரிடம் வந்த சிக்கல் உயரத்தைப் பற்றியது.

சோடா பாட்டிலைத் திறந்தவுடன் குமிழிகள் குபுகுபுவென்று கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். மூடியிருக்கும்போது அழுத்தத்தால் நீரில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் குறைந்ததும் வெளியே வருகிறது. மனித உடலிலும் இதே வேலை நடக்கிறது. நம் இரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் வாயு கரைந்திருக்கிறது. காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்கு விமானி விரைவில் சென்றுவிட்டால், அந்த நைட்ரஜன் குமிழிகளாகக் கிளம்புகிறது. மூட்டுகளில் தாங்க முடியாத வலி உண்டாகும். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஸ்டாப் 12 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், காற்றழுத்தம் கூட்டப்படாத விமானத்தில் தாமே பறந்து சோதனை செய்தார். புறப்படுவதற்கு முன் அரைமணி நேரம் தூய ஆக்ஸிஜனைச் சுவாசித்தால் உடலிலுள்ள நைட்ரஜன் பெருமளவு வெளியேறிவிடுகிறது என்றும், அதன்பின் இந்தத் தொல்லை வருவதில்லை என்றும் கண்டார். தம் உடலையே சோதனைக்கூடமாக ஆக்கும் வழக்கம் இங்கேயே தொடங்கிவிட்டது.

பாலைவனத்தில் ஒரு தண்டவாளம்

1947-இல் அவர் கலிபோர்னியாவின் வறண்ட பாலைநிலத்தில் உள்ள மியூராக் தளத்துக்கு அனுப்பப்பட்டார். பின்னாளில் எட்வர்ட்ஸ் தளம் எனப் பெயர் பெற்றது இதுவே. அங்கே சுமார் 600 மீட்டர் நீளமுள்ள தண்டவாளம் ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் ஏவுகணைகளைச் செலுத்திப் பார்ப்பதற்காகப் போடப்பட்டது. அதன் மீது, சக்கரங்கள் இல்லாமல் வழுக்கிச் செல்லும் ஒரு வண்டியை நிறுத்தினார்கள். பின்னால் ராக்கெட்டுகள், பாதையின் முடிவில் வண்டியைக் கவ்விப் பிடித்து நிறுத்தும் வலிமையான பிரேக்குகள். விமான விபத்தைத் தரையிலேயே, விரும்பிய அளவில், விரும்பிய நேரத்தில் உண்டாக்கிக்கொள்ளும் ஏற்பாடு இது!

முதலில் சுமார் 84 கிலோ எடையுள்ள ஒரு பொம்மை மனிதனை அதில் உட்கார வைத்தார்கள். ஆஸ்கார் என்று அவனுக்குப் பெயரிட்டார்கள். ஆஸ்காரின் முதற்பயணங்களுள் ஒன்றில் அவனை இலேசாகத்தான் கட்டியிருந்தார்கள். வண்டி நின்றது, ஆஸ்கார் நிற்கவில்லை. முன்னால் இருந்த மரத்தடுப்பைத் துளைத்துக்கொண்டு பறந்து, 200 மீட்டருக்கு அப்பால் போய் விழுந்தான்! பேருந்தில் நீங்கள் முன்னால் சாய்ந்தீர்களே, அதே விதிதான். அளவு மட்டுமே வேறு.

பொம்மை எவ்வளவு விசை தாக்கியது என்பதைக் காட்டும். வலித்ததா, மூச்சு நின்றதா, கண் தெரிந்ததா என்று சொல்லுமா? அதற்கு ஓர் உயிருள்ள மனிதன் வேண்டும். யாரை உட்கார வைப்பது? ஸ்டாப் யாரையும் தேடவில்லை. தாம் ஒரு மருத்துவர். உடலில் நேரும் மாற்றங்களை உள்ளிருந்தே கவனித்துச் சொல்லத் தம்மால் முடியும். தாம் ஏறாத வண்டியில் இன்னொருவரை ஏற்றுவது முறையல்ல. இதுவே அவர் நிலை.

பொம்மையை வைத்து முப்பதுக்கு மேற்பட்ட ஓட்டங்கள் நடந்த பிறகு, 1947 டிசம்பர் மாதத்தில் ஸ்டாப் முதன்முறையாக அந்த வண்டியில் ஏறினார். முதுகு முன்புறம் இருக்குமாறு, திரும்பி உட்கார்ந்தார். ஒரே ஒரு ராக்கெட். மணிக்கு சுமார் 145 கிலோமீட்டர் வேகம். இறங்கி வந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே மூன்று ராக்கெட்டுகளுடன் மீண்டும் ஏறினார்!

1948 ஆகஸ்டுக்குள் அவர் பதினாறு முறை பயணம் செய்து, 35 ஜி வரை தாங்கிக் காட்டினார். 18 ஜிக்கு மேல் மனிதன் பிழைக்க மாட்டான் என்ற நம்பிக்கை தகர்ந்தது.

பின்னோக்கி உட்காருவது ஏன் நல்லது என்பதும் விளங்கியது. அப்படி உட்காரும்போது விசை முதுகு முழுவதிலும் பரவுகிறது. இருக்கையே மெத்தைபோல் தாங்கிக்கொள்கிறது. முன்னோக்கி உட்கார்ந்தாலோ, உடலைப் பிடித்து நிறுத்துவது பட்டைகள் மட்டுமே. அதே விசை, சில அங்குல அகலமுள்ள பட்டைகளின் மீது குவிகிறது. இதனால் அமெரிக்க விமானப்படையின் போக்குவரத்து விமானங்களில் பின்னோக்கிய இருக்கைகள் பொருத்தப்பட்டன. போர் விமான இருக்கைகள் 32 ஜி தாங்கவேண்டும் என்றும் விதி மாறியது.

ஆனால் விமானி பின்னோக்கி உட்கார்ந்து விமானம் ஓட்ட முடியாதே! ஆகவே ஸ்டாப் முன்னோக்கி உட்கார்ந்தும் சோதனை செய்தார். பட்டைகளின் அகலம், அவை தோளிலும் இடுப்பிலும் தொடையிலும் படியும் இடம் ஆகியவற்றை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் மாற்றி அமைத்தார்கள். மற்றத் தொண்டர்களும் வண்டியில் ஏறினார்கள். மனிதர் போகக்கூடாத எல்லைகளுக்குச் சிம்பன்சிக் குரங்குகளை அனுப்பினார்கள். வாய் பேசாத அந்த உயிர்களும் இதற்கு விலை கொடுத்தன என்பதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது.

ஸ்டாப்பும் விலை கொடுத்தார். மணிக்கட்டு இருமுறை முறிந்தது. விலா எலும்புகளில் விரிசல் கண்டது. பல்லில் இருந்த அடைப்புகள் தெறித்து விழுந்தன. கண்ணின் உட்பக்கத் திரையில் இரத்தம் கசிந்தது. இவற்றுக்கு நடுவே, தளத்தில் வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்கு மருத்துவ வசதி போதாமல் இருந்ததைக் கண்டு, மாலை வேளைகளில் வீடு வீடாகச் சென்று வைத்தியமும் பார்த்தார் அந்த மனிதர்!

பூஜ்யம் காட்டிய கருவிகள்

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் செல்ல முடியாது. 1949-இல் எட்வர்ட் மர்பி என்னும் பொறியியல் அதிகாரி, விசையைத் துல்லியமாக அளக்கும் சில கருவிகளை மியூராக்குக்குக் கொண்டு வந்தார். அவற்றைப் பட்டைகளில் பொருத்தி வண்டியை ஓட்டினார்கள். ஓட்டம் முடிந்து பார்த்தால், எல்லாக் கருவிகளும் பூஜ்யத்தைக் காட்டின! என்னவென்று ஆராய்ந்தபோது, அவற்றைத் தலைகீழாக இணைத்திருந்தது தெரிந்தது.

தவறாகச் செய்ய ஒரு வழி இருந்தால் யாராவது ஒருவர் அந்த வழியில்தான் செய்வார் என்னும் பொருள்பட மர்பி அப்போது சலித்துக்கொண்டாராம். அங்கிருந்தவர்கள் அதை 'மர்பி விதி' என்று அழைக்கத் தொடங்கினார்கள். பின்னர் ஸ்டாப் செய்தியாளர்களிடம் பேசும்போது, இவ்வளவு ஆபத்தான சோதனையில் பெரிய விபத்து நேராததற்குக் காரணம், தாங்கள் மர்பி விதியை மறக்காமல் இருப்பதே என்று விளக்கினார். இன்று உலகெங்கும் நகைச்சுவையாகச் சொல்லப்படும் இந்த விதியின் பிறப்பிடம் அந்தத் தண்டவாளமே. அவர்களுக்கோ அது நகைச்சுவை அல்ல. எது தவறக்கூடும் என்று முன்பே எண்ணிப் பார்ப்பது உயிர் காக்கும் வழி.

1954 டிசம்பர் 10

போருக்குப் பின் ஜெட் விமானங்களின் வேகம் கூடிக்கொண்டே போனது. ஒலியின் வேகத்தை நெருங்கிப் பறக்கும் விமானத்திலிருந்து விமானி வெளியே குதிக்க நேர்ந்தால், புயலைவிடப் பன்மடங்கு வலிய காற்று அவரை அறையும். உடனே வேகமும் திடீரெனக் குறையும். இரண்டையும் ஒருங்கே உடல் தாங்குமா? தாங்காது என்றால், குதிக்கும் இருக்கை இருந்தும் பயன் இல்லை.

இதை அறிய, 1953-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹாலோமன் விமானப்படைத் தளத்துக்கு ஸ்டாப் மாற்றப்பட்டார். அங்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள தண்டவாளமும், 'சோனிக் விண்ட்' என்னும் புதிய வண்டியும் தயாராயின. இந்த வண்டியைத் தண்ணீரே நிறுத்தும். தண்டவாளங்களுக்கு இடையே நீர் தேக்கப்பட்டிருக்கும்; வண்டியின் அடியில் உள்ள அகப்பை போன்ற அமைப்பு அந்நீரை அள்ளி வீசும்போது வண்டியின் வேகம் தணியும்.

1954-இல் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஸ்டாப் இதில் இருமுறை சென்றார். மூன்றாவது பயணம் டிசம்பர் 10-ஆம் நாள். அது அவருடைய 29-ஆவது பயணம். அப்போது அவருக்கு வயது 44.

இம்முறை கண்பார்வை போய்விடக்கூடும் என்று அவர் அஞ்சினார். அதற்காகப் பின்வாங்கினாரா? இல்லை. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டிலேயே உடை அணியவும் களையவும் பழகிக்கொண்டார்! குருடரானால் எப்படி வாழ்வது என்பதற்கு ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் அவர் அந்த வண்டிக்கு வந்தார்.

கைகளையும் கால்களையும் உடலையும் பட்டைகளால் இறுகக் கட்டினார்கள். பின்னால் ஒன்பது ராக்கெட்டுகள். முன்னால் கண்ணாடித் தடுப்புகூட இல்லை. மேலே ஜோ கிட்டிங்கர் என்னும் விமானி ஒரு ஜெட் விமானத்தில் பறந்தபடி வந்தார்.

ராக்கெட்டுகள் வெடித்துச் சீறின. ஐந்தே வினாடிகளில் வண்டியின் வேகம் மணிக்கு 1,017 கிலோமீட்டர் ஆயிற்று. மேலே வந்த ஜெட் விமானத்தையே அது முந்திவிட்டது! அடுத்து வண்டி தண்ணீரில் பாய்ந்தது. 1.4 வினாடியில் நின்றது.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 1,017 கிலோமீட்டர் என்பது வினாடிக்குச் சுமார் 282 மீட்டர். இது 1.4 வினாடியில் பூஜ்யம் ஆனால் சராசரியாக 20 ஜிக்கு மேல். ஆனால் வேகம் சீராகக் குறையவில்லை. உச்சக் கட்டத்தில் அது 46.2 ஜியைத் தொட்டது. அந்தக் கணத்தில் அவர் உடலைச் சுமார் மூன்றரை டன் விசை தாக்கியது.

உதவியாளர்கள் ஓடினார்கள். ஸ்டாப் உயிரோடு இருந்தார். ஆனால் கண் தெரியவில்லை. வண்டியோடு உடல் நின்றுவிட்டது; கண்விழிகளோ முன்னோக்கிப் பாய முயன்றன. அதனால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெடித்துக் கண்களில் இரத்தம் நிரம்பிவிட்டது. இருட்டில் உடை அணியப் பழகியது வீண் போகாது போலிருந்தது.

சில நிமிடங்கள் கழிந்தன. மங்கலாக ஏதோ நீல நிறம் தெரிந்தது. அது வானம்! சிறிது சிறிதாகப் பார்வை திரும்பியது. கண்களைச் சுற்றிக் கன்றிப்போன கறுப்பு வளையங்களைத் தவிர, பெருங்காயம் ஒன்றும் இல்லை.

பத்திரிகைகள் அவரை 'உலகிலேயே மிக வேகமான மனிதர்' என்று புகழ்ந்தன. 1955 செப்டம்பரில் 'டைம்' இதழின் அட்டையில் அவர் படம் வெளிவந்தது. ஆனால் ஸ்டாப் கண்டுபிடித்தது வேகத்தின் பெருமையை அல்ல. சரியாகக் கட்டப்பட்டிருந்தால் மனித உடல் 46 ஜியையும் ஒரு கணம் தாங்கும் என்பதையே அவர் நிலைநாட்டினார். அப்படியானால் அதுவரை விபத்துகளில் இறந்தவர்களுள் பலர் உடலின் பலவீனத்தால் இறக்கவில்லை. அவர்களைச் சரியாகப் பிடித்துக்கொள்ளாத இருக்கையாலும் பட்டையாலும் இறந்திருக்கிறார்கள்! இந்த முடிவின் கனத்தை எண்ணிப் பாருங்கள்.

விமானத்திலிருந்து காருக்கு

புகழ் வந்தபோது அதை என்ன செய்தார் ஸ்டாப்? விமானப்படையின் விபத்துக் கணக்குகளைப் புரட்டியபோது அவர் கண்டது இது: வானத்தில் விழுந்து இறந்த விமானிகளைவிட, சாலையில் தங்கள் காரிலேயே இறந்தவர்கள் அதிகமாக இருந்தனர். ஏராளமான பணமும் காலமும் செலவிட்டுப் பயிற்சி தந்த விமானியை, வானில் காப்பாற்றிச் சாலையில் பறிகொடுப்பதா?

அக்காலத்துக் கார்களில் இருக்கைப் பட்டை, அதாவது நாம் சீட் பெல்ட் என்று சொல்வது, அரிதாகவே இருந்தது. முன்பக்கப் பலகை கெட்டியான உலோகம். சுக்கான் தண்டோ, மோதினால் ஓட்டுபவரின் மார்பில் ஈட்டிபோல் பாயும். ஸ்டாப் பழைய கார்களை வாங்கி, பொம்மைகளை உட்கார வைத்து மோதச் செய்தார். 1955-இல் ஹாலோமன் தளத்துக்குக் கார்த் தொழில் துறையினரையும் ஆராய்ச்சியாளர்களையும் அழைத்து, தம் சோதனைகளை நேரில் காட்டினார். அவர் பெயரால் வழங்கும் அந்த மோதல் ஆய்வு மாநாடு, இன்றும் ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது.

1959-இல் சுவீடன் நாட்டில் வோல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின், தோளையும் இடுப்பையும் ஒருங்கே பிடிக்கும் மும்முனைப் பட்டையை உருவாக்கினார். இன்று நம் கார்களில் உள்ளது அதுவே. போலின் அதற்கு முன் விமானங்களுக்குக் குதிக்கும் இருக்கைகள் வடிவமைத்தவர். வானத்தில் கற்ற பாடம் சாலைக்கு வந்ததற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

பட்டை கண்டுபிடித்தால் போதுமா? கார்களில் பொருத்த வேண்டுமே! ஸ்டாப் ஆண்டுக்கணக்கில் பேசினார், எழுதினார், வாதாடினார். 1966 செப்டம்பர் 9-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, ஸ்டாப்பும் அங்கே இருந்தார். 1968 முதல் அந்நாட்டின் புதிய கார்களில் இருக்கைப் பட்டை கட்டாயம் ஆயிற்று.

ஒரு சிறு கணக்கு

பட்டை என்னதான் செய்கிறது? மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் சுவரில் மோதுவதாக வைத்துக்கொள்வோம். இது பெரிய வேகம் அல்ல. வினாடிக்கு 10 மீட்டர்தான். காரின் முன்பகுதி நசுங்குவதால், கார் அரை மீட்டர் தூரம் சென்று நிற்கிறது. பட்டை அணிந்தவர் காரோடு கட்டுண்டிருப்பதால், அவரும் அதே அரை மீட்டரில் நிற்கிறார். வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இரு மடங்கால் வகுத்தால் எதிர்முடுக்கம் கிடைக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். 100-ஐ 1-ஆல் வகுத்தால் 100. அதாவது ஏறத்தாழ 10 ஜி. ஸ்டாப் தாங்கியதில் கால்பங்குகூட இல்லை.

பட்டை அணியாதவருக்கு என்ன ஆகிறது? கார் நின்ற பிறகும் அவர் பழைய வேகத்திலேயே செல்கிறார். முன்பலகையில் மோதி 5 சென்டிமீட்டரில் நிற்கிறார். 100-ஐ 0.1-ஆல் வகுத்துப் பாருங்கள். 1,000! அதாவது 100 ஜிக்கு மேல். அதுவும் உடல் முழுவதும் பரவாமல், நெற்றியின் மீதோ மார்பின் மீதோ குவிகிறது. வேகம் ஒன்று; கார் ஒன்று; சுவர் ஒன்று. நிற்பதற்குக் கிடைத்த தூரமும், விசையைத் தாங்கிய இடமும் மட்டுமே வேறு. ஒருவர் இறங்கி நடக்கிறார், மற்றவர் இறக்கிறார்.

முடிவாக

ஸ்டாப் வண்டியில் ஏறியதோடு நிற்கவில்லை. மனிதனை வளிமண்டலத்தின் விளிம்புக்குப் பலூனில் அனுப்பிய சோதனைகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. அன்று ஜெட் விமானத்தில் மேலே பறந்து வந்த கிட்டிங்கர், 1960 ஆகஸ்டு 16-இல் 31 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பாராசூட்டுடன் குதித்துப் பெரும்புகழ் பெற்றார். ஸ்டாப் 1970-இல் கர்னல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். 1991-இல் அமெரிக்க அரசு தொழில்நுட்பத்துக்கான தேசியப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. எலும்பு முறிந்து, கண்ணில் இரத்தம் கட்டி, 46 ஜியைத் தாங்கிய அந்த உடல், 1999 நவம்பர் 13 வரை, 89 வயது வரை வாழ்ந்தது! ஹாலோமனுக்கு அருகே அலமோகோர்டோ நகரின் விண்வெளி அருங்காட்சியகத்தில் அவர் ஏறிய வண்டி இன்றும் நிற்கிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் இறந்தனர். பட்டை இருந்தும் அணியாமல் இறப்பவர்கள் அவர்களுள் எத்தனை பேரோ! இடுப்பில் இறுக்குகிறது, சட்டை கசங்குகிறது, பக்கத்துத் தெருவுக்குத்தானே போகிறோம் என்றெல்லாம் நாம் காரணம் சொல்கிறோம்.

அடுத்த முறை காரில் ஏறும்போது, முன் இருக்கையானாலும் சரி, பின் இருக்கையானாலும் சரி, பட்டையை இழுத்துக் கொக்கியில் மாட்டுங்கள். 'கிளிக்' என்ற ஓசை கேட்கும். அதற்கு ஒரு வினாடிகூட ஆகாது. அந்த ஒரு வினாடியை உங்களுக்குச் சம்பாதித்துத் தர, ஒரு டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் சட்டை போட்டுப் பழகினார் என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.